செய்தியும் தொண்டும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் சமூக வாழ்வில் ஓர் ஆய்வு

மலாயாவின் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் படிக்கிற சரித்திர ஆசிரியர்கள் பெரும்பாலும் முதற்பக்கத்தோடும் தலையங்கத்தோடும் நின்றுவிடுகிறார்கள். யுத்தம், சுயராஜ்யக் கிளர்ச்சி, ரப்பர் விலையின் ஏற்றத்தாழ்வு ஆகிய பெரிய விஷயங்கள் அங்கேதான் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் அரைவயிற்றுக் கூலி வாங்கிய ஜனங்கள் அந்தப் பத்திரிகைகளை எதற்காகக் காசு கொடுத்து வாங்கினார்கள், ஒரே பிரதி எதற்காக வீடு வீடாகக் கைமாறிப் போயிற்று என்று கேட்டால், விடை உட்பக்கங்களில் இருக்கிறது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்த தீமிதி, தமிழ்ப்பள்ளிக்குப் பலகை வாங்குவதற்காக இளைஞர்கள் நடித்த நாடகம், மாற்றலாகிச் செல்லும் வாத்தியாருக்கு அளித்த பிரிவுபசாரம், கள்ளுக்கடையை மூட வேண்டுமென்று கூடிய கூட்டம், மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவரின் குடும்பத்துக்காகத் திரட்டிய நிதி, அந்த நிதிக்குக் காசு கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் போன்ற சிறு செய்திகளே அந்தப் பக்கங்களை நிரப்பின. அவற்றை எழுதி அனுப்பியவர்களில் மிகப் பலர், சம்பளம் வாங்காமல், தபால் செலவையும் தாமே ஏற்று எழுதிய தோட்டத்து நிருபர்கள்; அநேகமாக அவர்களே அந்த நாடகத்தை ஏற்பாடு செய்தவர்களும், அந்த நிதிக்காக லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்தோறும் நடந்தவர்களுமாவர். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சமூகத்தில் செய்தி எழுதுவதும் தொண்டு செய்வதும் இரண்டு தொழில்களாக இருந்ததில்லை, ஒரே கைங்கரியத்தின் இரு பகுதிகளாகவே இருந்துவந்தன என்பதே இந்த ஆய்வின் துணிபு.

உலகில் வேறெங்கும் இத்தகைய வழக்கம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் சிற்றூர்களில் தேவாலயத்தைச் சுற்றி வளர்ந்த மாதப் பத்திரிகைகள் இதே வேலையைத்தான் செய்தன. 1859-இல் டெர்பி நகரத்துக் குருவான ஜான் எர்ஸ்கின் கிளார்க் தொடங்கிய பத்திரிகையில் பொதுவான பக்கங்கள் ஓரிடத்தில் அச்சாக, அவற்றோடு அந்தந்த ஊர்க் குருமார் தத்தம் ஊர்ச் சமாசாரங்களைச் சேர்த்துக் கொண்டனர். அந்த முறை விரைவில் நாடெங்கும் பரவிற்று. 1894-ஆம் ஆண்டின் சட்டம் அச்சிற்றூர்களுக்குத் தேர்தலால் அமையும் ஊர்ச்சபையையும் அளித்தது. ஆகவே அங்கே ஒரு கிராமத்தான் தன் ஊர்ச் செய்தியை எழுதினால், அவனுக்குப் பின்னால் ஒரு கோயிலும், ஒரு சபையும், வாக்குரிமையும், தலைமுறை தலைமுறையாகத் தனக்குரியதென்று அவன் கருதிய மண்ணும் இருந்தன.

கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழனுக்கு இவற்றில் கோயில் ஒன்றே உண்டு. அவன் குடியிருந்த லயம் கம்பெனியுடையது. அவன் நடந்த பாதையும் கம்பெனியுடையது. அவனைப் பார்க்க வந்த உறவினன் துரையின் அனுமதியில்லாமல் உள்ளே வருவது அத்துமீறலாகும். இருள் பிரியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, கங்காணி பெயர் கூப்பிடக் கேட்டு, பால்வெட்டப் போகிற ஒருவனுக்கு, தன் பெயர் கூலிப் பதிவேட்டிலன்றி வேறோரிடத்தில் எழுதப்படும் என்ற எண்ணமே இராது. தோட்டத்துப் பள்ளிக்கூடமும் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியதால் வந்தது. பல இடங்களில் அது ஒரு கொட்டகையும் ஒரே வாத்தியாருமாக இருந்தது. பிற்காலத்தில் தேசம் சுதந்திரம் அடைந்து, கிராம அபிவிருத்தித் திட்டங்கள் பெருகிய போதும், தோட்டம் தனியார் சொத்து என்ற காரணத்தால் அவற்றில் பெரும்பாலானவை வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டு, 1976-ஆம் ஆண்டின் சட்டத்தால் அறவே நீங்கியதும், பட்டணத்துக்கு வந்து குடியேறியவர்களுக்குக்கூடத் தம் தெருவைப் பற்றிப் பேச ஒரு சபை இல்லாமற் போயிற்று. மண்ணும் சபையும் இல்லாத ஒரு ஜனக்கூட்டம் தன்னை ஒரு ஊர் என்று உணர்ந்துகொள்ள எஞ்சியிருந்த வழி, கூடி ஒரு காரியத்தைச் செய்வதும், செய்ததை நாலு பேர் அறிய எழுதிவைப்பதுமே.

எழுதுவதற்கு இடம் கொடுத்தவற்றுள் முதன்மையானது ‘தமிழ் நேசன்’. 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ஆம் தேதி கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய அந்தப் பத்திரிகை, ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் வாழ்ந்தது. சிங்கப்பூரில் 1935-இல் கோ. சாரங்கபாணி நிறுவிய ‘தமிழ் முரசு’ தீபகற்பத்துத் தோட்டங்களிலும் பரவலாகப் படிக்கப்பட்டது. முன்னது இந்திய தேசாபிமானத்தையும் பின்னது சீர்திருத்தக் கொள்கையையும் பெரிதும் சார்ந்திருந்தன என்று சொல்வது வழக்கம். ஆனால் ஒரு தோட்டத்து நிருபரின் பார்வையில் இந்தப் பேதம் அத்தனை பெரிதாக இருந்திராது. கோயில் திருவிழாவைப் பற்றி ஒன்றுக்கும், சாதி மறுப்புத் திருமணத்தைப் பற்றி மற்றொன்றுக்கும் ஒரே கை எழுதியிருப்பின் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய சக்தியாக மாறக்கூடும் என்பதைக் காட்டியது 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம். அதன் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவைச் சேர்ந்தவர் என்பதை நூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. நானோ அந்த ஒரு வரியிலேதான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறேன். ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு ரப்பருக்குக் கிராக்கி ஏறியிருந்த காலம் அது. தமிழ்த் தொழிலாளிக்கு நாளொன்றுக்குக் கூலி 50 காசு அளவிலேயே நிற்க, அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளி அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகப் பெற்றான். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டந்தோறும் சென்று ஜனங்களைச் சேர்த்தது. சேர்த்தவர்கள் கூலி வாங்கிச் செய்தவர்களல்லர். எந்தத் தோட்டத்தில் எந்தக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) கை நீட்டுகிறான், எந்த ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, எந்தப் பள்ளியில் வாத்தியார் இல்லை என்ற தகவல்கள், நிருபர்களும் சங்கத் தொண்டர்களும் ஏற்கெனவே நடந்து பழகிய அதே பாதைகளில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒரு பத்திரிகைக்காரரின் மேசையைத் தவிர அவை ஒன்றுகூட வேறிடம் அந்தக் காலத்தில் அரிது.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை வாசிப்பவர்கள் கூலி உயர்வை மாத்திரம் கண்டு நின்றுவிடக் கூடாது. சீனருக்கு நிகரான ஊதியம், வேலை நேரக் குறைப்பு, வைத்திய வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றோடு, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், கொடுமை செய்யும் கிராணிகளை நீக்கித் தமிழறிந்தவர்களை நியமிக்க வேண்டும், பேச்சுரிமையும் கூட்டங்கூடும் உரிமையும் வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய கட்டாயம் ஒழிய வேண்டும் என்பனவும் அதில் இருந்தன. இவற்றுள் கடைசி மூன்றையும் சேர்த்து நோக்குங்கள். பேசவும், கூடவும், வெளியிலிருந்து வருபவரை வரவேற்கவும், நிமிர்ந்து சைக்கிளில் போகவும் உரிமை கேட்டவர்கள், வயிற்றுக்கு மட்டும் கேட்கவில்லை. ஓர் ஊரில் வாழும் மனிதர்களுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் சுதந்திரங்களையே கேட்டார்கள். செய்தி உள்ளே வரவும் வெளியே போகவும் வழி விடுங்கள் என்பதே அந்தக் கோரிக்கைகளின் உட்கிடை என்று எனக்குத் தோன்றுகிறது.

கூலியில் சிறு உயர்வு தந்ததோடு தீர்ந்துவிடும் என்று நிர்வாகங்கள் நினைத்தன. தீரவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும், ஏற்கெனவே வேலைக்குத் திரும்பியிருந்தவர்களும் மீண்டும் வெளிவந்தனர். கிள்ளானிலிருந்து கிளர்ச்சி சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. அரசாங்கம் படையை வரவழைத்து, சிலாங்கூரில் அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர், நாதனும் வேறு பலரும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஓராண்டு முடியுமுன் ஜப்பானியர் வந்துவிட்டபடியால் அந்தக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை காகிதத்தோடு நின்றன. ஒரு சமூகத்தின் செய்திகளைத் தொகுத்தவனை அந்தச் சமூகத்திடமிருந்து பிரித்து அனுப்பியது, அந்தக் காலத்து அரசாங்கம் செய்த பெரிய அநீதிகளுள் ஒன்று. இன்று கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்குத் துணி எடுக்கக் கூடும் ஜனத்திரளில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் நோகிறது.

யுத்தத்துக்குப் பின்னர் கெடா மாநிலத்தில் பீடோங் பகுதியிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியதும், 1947-இல் போலீசாரோடு மோதல் ஏற்பட்டதும் தனியே விரிவாக ஆராயத்தக்கவை. அவை நடந்த இடம் கிள்ளான் அல்லவாயினும், சீருடை அணிந்து, வரிசையில் நின்று, தம் லயத்தாரின் குடியைத் தாமே தடுக்கப் புறப்பட்ட அந்த இளைஞர்களைக் குறிப்பிடாமல் மலாயாத் தமிழரின் தொண்டைப் பற்றி எழுதுவது நியாயமாகாது.

கிளர்ச்சியினும் அதிக காலம் நிலைத்தது வேறொரு முயற்சி. 1950-களின் தொடக்கத்தில் ‘தமிழ் முரசு’ தன் பக்கமொன்றை மாணவர்களுக்கென ஒதுக்கி, அதற்கு மாணவர் மணிமன்றம் என்று பெயரிட்டது. பிள்ளைகள் அதில் எழுதினார்கள். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தார்கள். அறிந்தவர்கள் தத்தம் ஊரில் கூடினார்கள். அவ்வாறு கூடியவையே பின்னர் தமிழ் இளைஞர் மணிமன்றங்களாக நாடெங்கும் கிளைத்து, மாலை வகுப்பும் நூல்நிலையமும் பேச்சுப் பயிற்சியும் நடத்தின. கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ 1950-இல் தொடங்கிய கதை வகுப்பை நடத்திய சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும், எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதக் கற்பித்தார்கள். அங்கே பயின்றவர்களில் சிலர் மலேசியத் தமிழிலக்கியத்தின் முதன்மை ஆசிரியர்களானார்கள். பத்திரிகையின் பக்கம் ஒரு சங்கமாவதும், சங்கம் ஒரு தலைமுறையை உருவாக்குவதும் எளிதாக நிகழ்பவையல்ல. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தமிழ்க் கல்விக்காக நிதி திரட்டியபோது, ஆளுக்கொரு வெள்ளி என்று தோட்டத்து மக்களும் கொடுத்தார்கள். தம் பெயரும் தம் தோட்டத்தின் பெயரும் பத்திரிகையில் வருவதைக் காண்பதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி இருந்ததென்றால் அதைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. ஒரு வெள்ளி, இரண்டு நாள் கூலியாக இருந்த காலத்தை நினைவில் வைத்திருந்த ஜனங்கள் அவர்கள். அந்த இந்திய ஆய்வியல் துறை, பின்னர் கோலாலம்பூருக்கு வந்து, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அருகிலுள்ள பந்தாய்ப் பகுதியில் இன்றும் இயங்குகிறது.

தோட்டத் துண்டாடல் இதே காலத்தில் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு நிலங்களாக்கி மறுபடி விற்க, தலைமுறையாக அங்கிருந்தவர்கள் தெருவில் நின்றனர். 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கச் செய்தது. கெடாவில் புக்கிட் சீடிம் அதன் முதல் தோட்டங்களுள் ஒன்று. அதுவும் தோட்டம் தோட்டமாக நடந்து, வாசலில் நின்று விளக்கிச் சொல்லி நிறைவேற்றிய வேலை. பிரிக்ஃபீல்ட்ஸின் பெரிய வீதிக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் தோட்டமன்று, அதன் கதை வேறு. 1880-களில் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரைகள் தீயில் போன பின் செங்கல் கட்டடங்கள் எழும்ப, அவற்றுக்குக் கல் சுட்ட சூளைகளால் உண்டான பேட்டை அது. பின்னர் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும் நிலைய அதிகாரிகளும், தமிழகத்திலிருந்து வந்த தண்டவாளத் தொழிலாளரும் ஒரே பேட்டையில் வாழ்ந்தாலும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டதாகச் சொல்வதற்கில்லை. சைவ ஆசாரம் மிக்க ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலும், 1904-இல் நிறுவப்பெற்ற விவேகானந்த ஆசிரமமும் இலங்கைத் தமிழரின் கொடையாகவே எழுந்தன. அங்கே தொண்டு என்றால் நிர்வாக சபை, தீர்மானப் புத்தகம், ஆண்டறிக்கை. தோட்டத்தில் தொண்டு என்றால் ஒரு சாக்கு அரிசியும் ஒரு ராத்திரி விழிப்பும். 2014-இல் ஆசிரம நிலத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் யோசனை வெளிவந்தபோது, இவ்விரண்டு மரபினரின் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2016-இல் ஆசிரமம் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

இந்த மரபைப் போற்றுகிறவன் அதன் பெருங்குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த உட்பக்கச் செய்திகளில் தலைவர், செயலாளர், பொருளாளர், மாலை அணிவித்தவர், வரவேற்றவர், நன்றி நவின்றவர் ஆகியோரின் பெயர்கள் தவறாது வரும். காசு கொடுத்தவர் பெயர் காசின் அளவோடு வரும். ஆயிரம் பேருக்கு அன்னதானம் நடந்ததென்று வரும். அந்த ஆயிரம் பேருக்கு முந்தின இரவே வெங்காயம் உரித்தும் அரிசி களைந்தும், விடியும்வரை அடுப்படியில் நின்றும் உழைத்த பெண்களின் பெயர் வராது. ‘மாதர்கள் சிறப்பாக ஒத்துழைத்தனர்’ என்ற ஒரு வாக்கியத்தில் அவர்கள் அடங்கிவிடுவார்கள். ஆயாக் கொட்டகையில் பிறர் குழந்தைகளைத் தாலாட்டிய கிழவிகளும், பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளும் எந்தப் பட்டியலிலும் இல்லை. தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் பத்துமலையை அடையும்வரை வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர்களும், மறுநாள் எச்சில் இலையையும் உடைந்த தேங்காயையும் வாருபவர்களும் இன்றும் அப்படியே. பெயர் வேண்டாமென்று அவர்கள் சொல்லக்கூடும். ஆனால் எழுதுகிறவன் அதை ஏற்றுக்கொண்டு விட்டுவிடுவது தர்மமன்று. அவர்களுடைய உழைப்பு எழுதப்படாததால், பிற்காலத்தார் இந்தச் சமூகத்தைப் பிரமுகர்களே கட்டினார்கள் என்று நம்பிவிட்டார்கள்.

சிறு ஊர்களுக்கெனத் தனித்தனிப் பத்திரிகைகள் இங்கே வேரூன்றாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டத்தின்படி இடைவிட்டு வெளிவரும் எந்தச் செய்தித்தாளுக்கும் உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். 2012-இல் திருத்தப்படும் வரை அந்த அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. ஒரு தோட்டமோ, தாமான் எனப்படும் ஒரு குடியிருப்புப் பகுதியோ தன் செய்திக்காக அத்தனை தூரம் போகாது. எனவே எல்லாச் சிற்றூர்களின் செய்தியும் ஒரு சில நாளிதழ்களின் உட்பக்கத்தையே நம்பியிருந்தது. 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘தமிழ் நேசன்’ நின்றபோது, ஒரு பத்திரிகை போயிற்று என்றே பலர் வருந்தினார்கள். போனவை எண்ணிறந்த ஊர்களின் குறிப்பேடுகள். அதற்குள் அந்த ஊர்களும் பெரும்பாலும் போய்விட்டிருந்தன: தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும், தொழிற்பேட்டைகளாகவும், நெடுஞ்சாலைகளாகவும் மாற, லயத்து ஜனங்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் பகுதிகளின் மலிவு விலை அடுக்குமாடிகளில் சிதறினர்.

சிதறினாலும் பழக்கம் அழியவில்லை என்பதை 2021 டிசம்பர் காட்டிற்று. இரண்டு நாள் ஓயாது பெய்த மழையில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா கூரையளவுக்கு மூழ்கியபோது, அரசாங்க உதவி வரத் தாமதமாகி, ஜனங்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் இரவைக் கழித்தார்கள். நாடெங்கும் ஐம்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளம் அது. எந்த வீட்டில் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய முதியவர் இருக்கிறார், எந்த மாடியில் கைக்குழந்தை இருக்கிறது, எந்தச் சந்தில் படகு நுழையும் என்ற செய்திகள் வாட்ஸ்அப் வழியே பறந்தன. தனியார் படகுகள் வந்தன. பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சீக்கியரும் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்து சமைத்தார்கள். நீர் வடிந்தபின் சேற்றை அள்ள வந்தவர்களை யாரும் அழைக்கவில்லை. கோத்தோங் ரோயோங் என்று மலாயில் வழங்கும் அந்தக் கூட்டுழைப்பு, தோட்டத்து மனிதருக்குப் புதிதன்று. அதே ஆண்டு ஜூலையில், ஊரடங்கால் வேலையிழந்தவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அண்டை அயலார் உணவு கொண்டுவந்து தந்த இயக்கமும் இதே இயல்பினது. அங்கே ஒரு துணியே செய்தியாயிற்று.

ஆனால் இந்தத் தொண்டின் செய்தி எங்கே இருக்கிறது? 1941-இன் கோரிக்கைகளை நாம் இன்று படிக்க முடிகிறது; 2021-இன் செய்திகள் பழைய கைப்பேசிகளோடு குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ‘தமிழ் முரசின்’ பழைய இதழ்கள் பலவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அவ்வாறே ‘தமிழ் நேசன்’ இதழ்கள் முழுவதையும் தொகுத்து மின்வடிவாக்குவது, மலேசியப் பல்கலைக்கழகங்களும் தமிழ் ஸ்தாபனங்களும் உடனே ஏற்க வேண்டிய கடமை. முதலில் முதற்பக்கங்களை அல்ல, உட்பக்கங்களைத் தேடி எடுக்க வேண்டும். அதனோடு, இடம் பெயர்ந்த தோட்டத்துக் கோயில்களின் வரவுசெலவுப் புத்தகங்கள், மரண உதவி நிதிச் சங்கங்களின் சந்தாப் பட்டியல்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றையும் சேகரித்தல் அவசியம். அவற்றில் பத்திரிகைக்கு வராத பெயர்கள் இருக்கின்றன. வெள்ளத்தில் படகு ஓட்டியவர்களிடமும், வெங்காயம் உரித்த பாட்டிமார்களிடமும் இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். இந்த வேலைக்குச் சம்பளம் கிடைக்காது. தோட்டத்து நிருபர்களுக்கும் கிடைத்ததில்லை. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வாரம் ஒரு மாலையை ஒதுக்கக்கூடிய ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். தொடங்க வேண்டியவர்கள் அவர்களே.